வெங்காயத்தை எப்போது திரும்பச் சேர்ப்பது?

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு பானைபோல் உப்புகிறது. ஒருநாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல். பரிசோதனைகளில் கோளாறு எதுவும் தெரியவில்லை, 'ஐ.பி.எஸ்.' (எரிச்சல் குடல் நோய்க்குறி) என்கிறார் மருத்துவர். வீட்டில் விலக்கல் தொடங்குகிறது. முதலில் பால், அடுத்து பருப்பு, பிறகு சப்பாத்தி. கடைசியில் தட்டில் சோறும் ரசமும்தான். ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டின் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடவேண்டியதில்லை. மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை இருக்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான், பயறுகளில் கேலக்டன், பாலில் லாக்டோஸ். 'ஃபாட்மேப்' எனப்படும் இந்தச் சர்க்கரை வகைகள் சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாமல், தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்க, வாயு உண்டாகிறது. எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான், ஐ.பி.எஸ். உள்ளவரின் கூருணர்வு மிக்க குடலுக்கு அந்த உப்பலே வலியாகிறது. 2014இல் வெளியான மோனாஷ் ஆய்வில், 30 நோயாளிகள் வழக்கமான உணவையும் ஃபாட்மேப் குறைந்த உணவையும் தலா 21 நாள் உண்டார்கள். இரண்டாவதில் தொந்தரவு ஏறத்தாழப் பாதிதான்.

இந்த முறையில் ஃபாட்மேப் உணவுகளை விலக்கும் காலம் 2 முதல் 6 வாரம் மட்டுமே. நிம்மதி கிடைத்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். ஃப்ரக்டானும் கேலக்டனும் பிஃபிடோ போன்ற நல்ல பாக்டீரியாவின் தீனி. நெடுநாள் நிறுத்தினால் அவை குறைகின்றன. ஆகவே ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். மற்ற உணவு மாறாமல் இருக்க, முதலில் பாலை மட்டும் 3 நாள், அளவைக் கூட்டிக்கொண்டே சேர்த்துப் பார்க்க வேண்டும். குடித்த அளவு, நேரம், உபாதை எல்லாம் நோட்டில் ஏறட்டும். சில நாள் விட்டு பூண்டு, பிறகு வெங்காயம். அரை டம்ளர் பால் ஒத்துக்கொண்டு, ஒரு டம்ளர் படுத்தக்கூடும். அந்த எல்லை தெரிந்துவிட்டால் காலைக் காப்பியை இழக்கவேண்டியதில்லை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சீலியாக் (கோதுமையின் குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம். குழந்தைகளும் மெலிந்தவர்களும் உணவியல் நிபுணர் துணையின்றி இறங்கவே கூடாது.

பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதன் மணம் உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ரசத்தில் கொதித்த பூண்டை எடுத்துப் போட்டுப் பயனில்லை. எண்ணெயில் முழுப் பற்களை வதக்கி, அரித்தெடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தாளிக்கலாம்.