காதை நம்பி இறங்காதீர்கள்!

1996 நவம்பர் 12-ம் தேதி ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். சரியாக ஒரு வாரம் கழித்து, 19-ம் தேதி மாலை, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் குயின்சி என்ற சிறிய ஊரின் விமானத் தளத்தில் நடந்தது நம் ஊர்ப் பேப்பர்களில் பெரிதாக அடிபடவில்லை. அங்கே இறந்தவர்கள் 14 பேர். ஆனால், கட்டுப்பாட்டு டவர் இல்லாத தளத்தில் பத்திரமாக இறங்குவது எப்படி என்று யாராவது கேட்டால், நான் குயின்சியில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

10 பயணிகளோடு இறங்க வந்தது ஒரு பீச்கிராஃப்ட் 1900. அது தேர்ந்தெடுத்தது 13-ம் எண் ரன்வே. அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் 04-ம் எண் ரன்வேயின் முனையில் ஒரு கிங் ஏர் புறப்படத் தயாராக நின்றது. அதற்குப் பின்னால் வரிசையில் ஒரு சின்ன செரோகி. டவர் கிடையாது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருந்தார்கள். இறங்க வந்தவர்கள் முறைப்படி கேட்டார்கள்: 04-ல் நிற்கும் விமானம் காத்திருக்குமா, கிளம்பப்போகிறதா? காத்திருப்பதாகப் பதில் வந்தது. பதில் சொன்னவர் செரோகியின் விமானி. அவர் பேச்சுக்குள் 'கிங் ஏர்' என்ற பெயரும் வந்து விழுந்தது. அதே நேரம் பார்த்து, உயரம் 200 அடி என்று காக்பிட்டின் தானியங்கிக் குரல் எழுந்து அந்தப் பதிலின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது. கிங் ஏர்தான் பேசுகிறது என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். கிங் ஏர் எந்தப் பதிலும் சொல்லவே இல்லை. அது தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. இரண்டும் ரன்வே சந்திப்பில் மோதின. பீச்கிராஃப்டில் இருந்தவர்கள் மோதலில் சாகவில்லை. கதவு திறக்கவில்லை, வெளியிலிருந்து ஓடிவந்தவர்களாலும் திறக்க முடியவில்லை. தீ முந்திக்கொண்டது.

அந்த மாலையில் ரேடியோ பழுதாகவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள், பதிலும் வந்தது. என் கவலையே அதுதான். கேட்ட பதிலை நம்பி, 04-ன் முனையில் நிற்கும் விமானம் அசைகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி தேவையில்லை.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் தளங்கள் சுமார் 5,000. டவர் உள்ளவை ஏறத்தாழ 500. மற்ற எல்லா இடங்களிலும் விமானிகள்தான் தங்களுக்குள் ஒழுங்கைக் கட்டிக் காக்கிறார்கள். சனி, ஞாயிறு காலையில் இப்படியொரு தளத்தின் மேலே ஆறு, ஏழு விமானங்கள் சுற்றும். முதல்முறை தனியாகப் பறக்கும் மாணவர், பூச்சிமருந்து அடிக்கும் விமானம், 1940-களின் பைப்பர் கப், வியாபார வேலையாக வரும் இரட்டை இன்ஜின் என எல்லாம் ஒரே ரன்வேக்கு வரும். இத்தனைக்கும் தினம் தினம் இது மோதலின்றி நடந்துகொண்டுதான் இருக்கிறது. காரணம், சர்க்யூட்.

கோயில் பிராகாரத்தில் யாரும் நின்று வழிகாட்டுவதில்லை. ஆனாலும் ஆயிரம் பேர் இடிக்காமல் சுற்றிவருகிறோம், எல்லோரும் வலமாகவே வருவதால். இங்கே அதே ஏற்பாடு இடமாக. ரன்வேயை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், செவ்வகமாகச் சுற்ற வேண்டும். அதுதான் சர்க்யூட். ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், குறுக்கே திரும்புவது பேஸ், கடைசியாக ரன்வேக்கு நேர் வருவது ஃபைனல். மலையோ ஊரோ இடைஞ்சலாக இருந்தால் வலப்பக்கச் சுற்று என்று வரைபடத்தில் குறித்திருப்பார்கள். பெரிய விமானங்களுக்கும் ஜெட்டுகளுக்கும் 1,500 அடி. புதிதாக வருபவர், சர்க்யூட் உயரத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டு, டவுன்விண்டின் நடுப்பகுதியை நோக்கி 45 பாகைக் கோணத்தில் நுழைய வேண்டும். தளத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தால், சுற்றுக்கு 500 அடி மேலே குறுக்காகக் கடந்து, வெளியே போய் இறங்கித் திரும்பி, அதே 45-ல் சேர வேண்டும்.

இந்த 45 பாகையின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கோணத்தில் வருபவருக்கு டவுன்விண்ட் முழுவதும் முன்கண்ணாடியில் விரிந்து கிடக்கும். யார் எங்கே, எத்தனையாவது என்று எண்ணிவிடலாம். சுற்றில் இருப்பவர்களுக்கும் இவர் பக்கவாட்டில் தெரிவார். பார்ப்பதற்கென்றே வகுத்த கோணம் அது. குறுக்கே கடக்கும்போது, காற்றின் திசை காட்டும் பையையும் பார்த்துவிடலாம். எந்த ரன்வே பயன்பாட்டில் இருக்கிறது என்று ரேடியோவில் சொன்னாலும், அந்தப் பை சொல்வதே கடைசி வார்த்தை.

ரேடியோவுக்கு வருகிறேன். 10 மைலுக்கு முன்பே அலைவரிசையைப் பிடித்து, யார், எங்கே, எவ்வளவு உயரம், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லத் தொடங்க வேண்டும். தளத்தின் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்வது வழக்கம். ஏனென்றால் 122.8 மாதிரியான ஒரே அலைவரிசையைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்கின்றன. 50 மைல் தள்ளி வேறொரு ஊரில் ஒருவர் ஃபைனலுக்குத் திரும்புவதும் உங்கள் காதில் விழும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வெறும் கீச்சொலிதான் கேட்கும், இருவர் சொன்னதும் போய்விடும். கருவிகளை நம்பி வரும் அனுபவசாலிகள், வானத்தில் பெயர் சூட்டப்பட்ட ஒரு புள்ளியைச் சொல்லி, அங்கிருந்து உள்ளே வருகிறேன் என்பார்கள். சுற்றில் இருக்கும் மாணவருக்கு அந்தப் பெயர் கிழக்கா மேற்கா என்றே தெரியாது. மைல் கணக்கும் திசையும் சொன்னால் எல்லோருக்கும் புரியும். இன்னொரு கெட்ட பழக்கம், 'இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்பது. இதைச் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வழிகாட்டிகளே எழுதி வைத்திருக்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் அலைவரிசை அடைபடும். யாரும் சொல்லாவிட்டால் இன்னும் மோசம், வானம் காலி என்ற நினைப்பு வந்துவிடும்.

வானம் காலி இல்லை. அந்த பைப்பர் கப்பில் மின்சார அமைப்பே இல்லாமல் இருக்கலாம். இத்தகைய தளங்கள் பெரும்பாலானவற்றில் ரேடியோ இல்லாமல் பறப்பது சட்டப்படி சரி. அவர் பேச மாட்டார், நீங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்காது.

12.5 நொடி

நடுவான் மோதல்களில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சத்தில், தெளிந்த வானில், விமானத் தளத்தை ஒட்டி நடக்கின்றன. வெயில் அடிக்கும் விடுமுறை நாளில் கண்ணுக்கு எதிரே வரும் விமானம் எப்படித் தெரியாமல் போகிறது?

மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகராது. அதுதான் வில்லங்கம். இரண்டு விமானங்கள் நேர்பாதையில் ஒரே புள்ளியை நோக்கிப் போனால், ஒன்றுக்கு மற்றது கண்ணாடியின் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். நம் கண்ணோ அசைவதைத்தான் பிடிக்கும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக் கறைபோல ஒரு புள்ளி வெகுநேரம் இருக்கும். கடைசிச் சில நொடிகளில் பூதாகரமாக வளரும். அமெரிக்க விமானத் துறையின் மோதல் தவிர்ப்புச் சுற்றறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. பொருளைக் காண 0.1 நொடி. அது விமானம் என்று புரிய 1 நொடி. மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5 நொடி. இடமா வலமா என்று முடிவெடுக்க 4 நொடி. கைகால் இயங்க 0.4 நொடி. விமானம் சொன்னபடி கேட்க 2 நொடி. ஆக மொத்தம் 12.5 நொடி.

இதோடு இறக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செஸ்னாவுக்கு இறக்கை தலைக்கு மேல். திரும்பும்போது, திரும்பும் பக்கத்தையே அது மறைத்துவிடும். பைப்பர் செரோகிக்கு இறக்கை காலடியில், கீழே எதுவும் தெரியாது. ஃபைனலில் செஸ்னா கீழேயும் செரோகி மேலேயும் இறங்கிவந்தால் இருவருக்கும் மற்றவர் தெரிய வழியே இல்லை. இருவரும் அதே ரன்வேயைப் பார்த்தபடி நெருங்குவார்கள். பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்புமுன் ஒரு முறை இறக்கையைச் சமன்செய்து, ரன்வேயின் எதிர்ப்பக்கம், அதாவது ஃபைனல் நீளும் வெளிப்பக்கம் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று நல்ல ஆசிரியர்கள் நச்சரிப்பது இதனால்தான். ஒரு நொடி வேலை. அந்த நொடியில் ரேடியோ பொத்தானை அழுத்திக்கொண்டு அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருப்பவர்களே அதிகம்.

2022 ஆகஸ்ட் 18 பிற்பகல், கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி வயல்கள் சூழ்ந்த வாட்சன்வில் தளத்தில் நடந்ததும் இந்தக் கணக்குதான். ஒரு செஸ்னா 152 சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரே ஆள். ஒரு செஸ்னா 340, இரட்டை இன்ஜின், 10 மைலிலிருந்து நேராக ஃபைனலுக்கு வருவதாக அறிவித்தது. 3 மைலிலும் அறிவித்தது. 152-ம் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. 340-ன் வேகம் 180 நாட்டை ஒட்டி இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அந்த ரக விமானம் இறங்க வரும்போது வழக்கமாக வைத்திருப்பதைவிட மிக அதிகம். 152-ன் விமானி பின்னால் வருவதைப் பார்த்துவிட்டார். வேகமாக வருகிறீர்கள், நான் விலகி மேலே போகிறேன் என்று ரேடியோவில் சொல்லவும் செய்தார். தரைக்குச் சில நூறு அடி உயரத்துக்குள் இரண்டும் மோதின. மூவர் இறந்தார்கள்.

இருவரும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்தும்விட்டார். ஃபைனலில் 152-ன் வேகம் சுமார் 60 நாட் என்று வைத்தால், வேக வித்தியாசம் 120 நாட், நொடிக்கு 60 மீட்டருக்கு மேல். 12.5 நொடிக்குள் முக்கால் கிலோமீட்டர் தின்றுவிடும் வேகம் அது. வயல்வெளியின் பின்னணியில் முக்கால் கிலோமீட்டரில் ஒரு 152 எவ்வளவு சிறியது என்பதை விமானம் பார்க்கப் போகும் எந்தக் குழந்தையும் சொல்லும்.

நேராக ஃபைனலுக்கு வருவது சட்டப்படி தவறில்லை, எரிபொருள் மிச்சம், கருவி வழிப் பயிற்சிக்கும் அவசியம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டவர் கட்டினால் தீர்ந்தது என்பவர்களும் உண்டு. டவர் இல்லாத தளங்கள் பற்றிய 90-66 எண்ணிட்ட சுற்றறிக்கை நேர்வழியைத் தடுக்கவில்லைதான். ஆனால், சுற்றில் ஓடும் வரிசையைக் கலைக்கக் கூடாது என்கிறது. இறங்குபவர்களில் தாழ்ந்திருப்பவருக்கு முன்னுரிமை, ஆனால் அதைச் சாக்காக வைத்து அடுத்தவர் முன்னால் புகக் கூடாது என்பது விதி. வரிசையில் மூன்று பேர் சுற்றும்போது, 10 மைலிலிருந்து அறிவித்துவிட்டேன் என்பதற்காக வழிவிடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? வேகமான விமானம்தான் 10 மைல் முன்பே வேகத்தைக் குறைத்து, சுற்றில் கடைசி ஆளாகச் சேர வேண்டும். 5 நிமிடம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

மடியில் திரை

இப்போது காதுக்குத் துணையாகத் திரையும் வந்துவிட்டது. 2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதிகளிலும் உயரமான இடங்களிலும் பறக்க, தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி அமெரிக்காவில் கட்டாயம். மடியில் வைத்த டேப்லெட்டில் சுற்றியுள்ள விமானங்கள் அம்புக்குறிகளாகத் தெரிகின்றன. 20 மைல் தள்ளி வருபவரை அறிய அருமையான வசதி. மறுக்கவில்லை. ஆனால், டவர் இல்லாத பெரும்பாலான கிராமப்புறத் தளங்களில் அது கட்டாயம் இல்லை. கருவி இல்லாத கப் திரையில் வராது. வருகிற புள்ளியும் சில நொடி பழையதாக இருக்கலாம். சர்க்யூட்டுக்குள் வந்தபின் தலையைக் குனிந்து திரையைப் பார்க்கிற ஒவ்வொரு நொடியும் அந்த 12.5-லிருந்து கழிகிறது.

ரேடியோ வந்தபோது நடந்த அதே மாற்றம் திரையாலும் நடந்துவிடுமோ என்பதுதான் என் பயம். துணைக்கு வந்தது, பார்க்கும் வேலையையே பிடுங்கிக்கொள்கிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். விமானி ஆகும் கனவோடு நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். நிலத்தை விற்று, கடன் வாங்கி அனுப்புகிற பெற்றோர் விசாரிப்பதெல்லாம் கட்டணத்தையும், எத்தனை மாதத்தில் உரிமம் கிடைக்கும் என்பதையும்தான். அமெரிக்கப் பிரைவேட் பைலட் உரிமத்துக்கான விதியில் ஒரு விநோதம் இருக்கிறது. டவர் உள்ள தளத்தில் தனியாக 3 முறை மேலெழும்பி 3 முறை இறங்கியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறார்கள். டவர் இல்லாத தளத்துக்கு அப்படி எந்த எண்ணிக்கையும் இல்லை. பரபரப்பான டவர் தளத்திலேயே படித்து முடிக்கும் மாணவருக்கு, யாரும் 'இறங்கு' என்று சொல்லாத ஒரு ஞாயிறு காலை எப்படி இருக்கும் என்று தெரியாமலே உரிமம் கைக்கு வந்துவிடலாம்.

பணம் கட்டுமுன் பள்ளியிடம் கேளுங்கள். என் பிள்ளை டவர் இல்லாத தளங்களில் எத்தனை மணி நேரம் பறப்பான்? ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, டேப்லெட்டை அணைத்துவிட்டுச் சில சுற்றுகள் சுற்ற வைப்பீர்களா? வேகமாக ஒருவர் பின்னால் வந்தால் பேச்சை விட்டுவிட்டு முதலில் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று பயிற்சி கொடுப்பீர்களா? தடுமாறாமல் பதில் சொல்கிற பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.