வெருகலுக்கு வரும் தண்ணீர்

“புருசன் இல்லாதவளுகளுக்குச் சுத்துலா கேக்குதோ?”

எங்கள் பயணச் செய்தி ஊருக்குள் பரவியதும் கிடைத்த முதல் வாழ்த்து இதுதான். சகோதரிகளே, இப்படியான கேள்விகள் உங்களுக்கும் புதியவையல்ல. மாதர் சங்கத்தில் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் வான் பிடித்து, 2025 யூலையில் 11 பேர் புறப்பட்டோம். அவர்களில் 9 பேர் கணவரை இழந்தவர்கள், அல்லது இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

யூலையில் வெருகலில் கச்சான் காற்று வீசும். புல்லெல்லாம் கருகிக் கிடக்கும். அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றித்தான் எம்மிடம் வருகிறது. ஆகவே நீர்வீழ்ச்சி பார்க்க அதுவே நல்ல காலம். கண்டி–நுவரெலியா வீதியிலுள்ள இறம்பொடையைத் தெரிவு செய்தோம்.

வானில் ஓர் அக்கா பொலித்தீன் பையொன்றை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி.

“நாளைக்குத் திரும்பி வந்திடுவமே அக்கா, இது எதுக்கு?”

“வீட்டைப் பூட்டிட்டு வெளிக்கிட்டா இதுகளையும் எடுக்கிறதுதானே பழக்கம், பிள்ளை.”

2006 இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதை அடுத்து மூண்ட சண்டையில் வாகரைக்கும், அங்கிருந்து 2007 தொடக்கத்தில் மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடியதுதான் அவர் போன நெடும் பயணம். எங்களில் பலருக்கும் அப்படித்தான். திரும்பும் நாள் தெரிந்து புறப்பட்டது இதுவே முதற் தடவை.

இறம்பொடை நீர்வீழ்ச்சியின் உயரம் 109 மீற்றர். முதல் நாள் இரவு பெய்த மழையால் தண்ணீர் பாலாய்க் கொட்டியது. சாரல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. சமூகவியல் படித்தவள் என்ற நினைப்பில் உளசமூகச் செயற்பாட்டுத் தாள்கள் ஒரு கோவை நிறையக் கொண்டுபோயிருந்தேன். வெளியே எடுக்கவேயில்லை.

அந்த நீர் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. மகாவலியின் ஒரு கிளைதான் எங்கள் வெருகல் ஆறு என்று சொன்னேன். அந்த அக்கா குனிந்து ஒரு கை அள்ளினார்.

“அப்ப இது எங்களுக்கு முன்னமே ஊருக்குப் போயிடுமோ?”

“இல்லை அக்கா. விக்ரோறியா, ரந்தெனிகல எண்டு வழியில அணைகள் மறிக்கும்.”

“ஓ, தண்ணிக்கும் முகாம் இருக்கு” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார்.

தேநீர்க் கடையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் எங்களுடன் பேச்சுக்கொடுத்தார். வெருகல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அக்கா ஆறு வரும் வழியைச் சொல்லி விளங்கப்படுத்தினார், நான் சொன்னதைவிட நன்றாக. இருவரும் தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டனர்.

நவம்பரில் டித்வா புயல் வந்தது. மலையில் மண் சரிந்தது. கீழே மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. மூன்று நாள் முயன்று அக்கா அந்தப் பெண்ணுக்கு அழைப்பு எடுத்தார். இவர் வாய் திறக்கும் முன்னரே, “உங்க ஊருக்குத் தண்ணி வந்துடுச்சாக்கா?” என்று அவர் கேட்டாராம். அக்கா அப்போது பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார், மடியில் அதே பையுடன்.