விளைபொருள் விற்பனைக்கு இணையதளம்: பெயர் யார் பெயரில் இருக்கிறது?

சின்னசேலம் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிடுவோரும், கல்வராயன் மலையின் சாமை, தேன், கடுக்காய் ஆகியவற்றை விற்போரும் வெளியூர் வாடிக்கையாளரை நேரடியாக அடைய இணையதளம் அமைத்துக் கொள்ளலாம். தளத்தின் அழகைப் பற்றி யோசிக்குமுன், அது யார் பெயரில் பதிவாகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

தளத்திற்கு இரண்டு தேவை. ஒன்று, டொமைன் எனப்படும் பெயர். மற்றொன்று, ஹோஸ்டிங், அதாவது படங்களையும் எழுத்துகளையும் வைத்திருக்கும் கணினியில் வாடகை இடம். இடம் சரியில்லையெனில் வேறிடத்திற்கு மாற்றிக் கொள்ளலாம். பெயர் போனால், மூட்டையிலும் பாட்டிலிலும் அச்சிட்ட முகவரியே போய்விடும். பெயரைப் பட்டாவுக்கு ஒப்பிடுவர். ஆனால் பட்டாவைப் போல் அது நிலைத்திராது. தவணை தவறாமல் புதுப்பித்து வர வேண்டும்.

தளம் அமைத்துத் தருபவர் பல சமயங்களில் தம் மின்னஞ்சலைக் கொண்டே பெயரைப் பதிவு செய்துவிடுகிறார். இதில் தீய எண்ணம் இருக்க வேண்டுமென்பதில்லை. வேலை விரைவில் முடிகிறது, அவ்வளவே. சில ஆண்டுகளில் அவர் தொழில் மாறிச் சென்றால், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருக்கே போகும். உங்களுக்குத் தெரியாமலே பெயர் காலாவதியாகும். டாட் காம் பெயர் நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் பன்மடங்கு. அதன்பின் 5 நாளில் அப்பெயரை எவரும் வாங்கலாம். ஆகவே உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்து, கடவுச்சொல்லை நீங்களே வைத்துக் கொள்ளவும்.

டாட் இன் பெயர்களை, 2003-ல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் (நிக்ஸி) நிர்வகிக்கிறது. தமிழிலேயே டாட் இந்தியா என முடியும் பெயரும் கிடைக்கும். எனினும் வெளிமாநில வியாபாரி தட்டச்சு செய்ய ஆங்கில எழுத்துப் பெயரே எளிது.

இலவசம் என்பதை மட்டும் நம்பியிருக்கலாகாது. கூகுள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கு இலவசமாக அமைத்துக் கொடுத்த பக்கங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. சொந்தப் பெயர் வைத்திருந்தோர் அதனை வேறு தளத்திற்குத் திருப்பிக் கொண்டனர். மற்றவர்கள் அச்சிட்டு வழங்கிய முகவரி பயனற்றுப் போயிற்று.

பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

மலைப்பகுதியில் சிக்னல் குறைவு. பேருந்தில் வரும் வாடிக்கையாளரும் கைப்பேசியில்தான் பார்ப்பார். கைப்பேசியில் எடுத்த படம் 3 முதல் 5 எம்.பி. வரை இருக்கும். அதனை 200 கே.பி. அளவிற்குக் குறைத்து இடவும். விலைப்பட்டியலைப் படமாக ஒட்டாமல், யூனிகோடு தமிழில் எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும்; அப்போதுதான் தேடுவோருக்கு எளிதில் அகப்படும். (பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்தால் பிறர் கைப்பேசியில் கிறுக்கலாகத் தெரியும்.) தொட்டவுடன் அழைப்பு போகும்படி தொலைபேசி எண், ஊர், கிடைக்கும் பருவம், உணவுப் பொருளாயின் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை முதற் பக்கத்திலேயே இருத்தல் நலம். சுழலும் படமும் இசையும் தேவையில்லை.

இவ்வளவுக்கு நான்கைந்து எளிய பக்கங்களே போதும். பெரிய ஹோஸ்டிங் திட்டம் வாங்க வேண்டியதில்லை. முதலாண்டுச் சலுகைக் கட்டணத்தைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கவும். வேலை முடிந்தபின் தளத்தின் கோப்புகள் அனைத்தையும் பென் டிரைவில் வாங்கி, பெயர்ப் பதிவுக் கணக்கை உங்கள் கைப்பேசியிலேயே திறந்து பார்த்துவிட்டு, மீதித் தொகையைக் கொடுக்கவும்.