சின்ன நாடு, பெரிய ஆட்டம் – 9: ஜெயித்த பிறகும் வாசலில்

வடக்கு அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் சயான் மில்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. லினன் துணிக்கு நூல் நூற்கும் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். 1969 ஜூலை 2-ம் தேதி, அந்த ஊர் மைதானத்தில் ஒரு நாள் ஆட்டம் ஆட வெஸ்ட் இண்டீஸ் அணி வந்தது. முந்தைய நாள்தான் லார்ட்ஸில் இங்கிலாந்துடன் டெஸ்ட்டை டிரா செய்திருந்தார்கள். கேப்டன் சோபர்ஸ் ஆடவில்லை. பேசில் புட்சர் தலைமை ஏற்றார். இளைஞரான கிளைவ் லாயிட் அணியில் இருந்தார். மேனேஜராக வந்திருந்த பழைய ஜாம்பவான் கிளைட் வால்காட்டும் பேட்டோடு இறங்கினார்.

புல்லும் ஈரமுமாகக் கிடந்த பிட்ச்சில் வெஸ்ட் இண்டீஸ் முதலில் ஆடியது. அயர்லாந்து கேப்டன் டக்கி குட்வின் ஒரு முனை, அலெக் ஓ'ரியோர்டன் மறுமுனை. இன்னிங்ஸ் முடியும் வரை மூன்றாவது பந்துவீச்சாளர் தேவைப்படவே இல்லை. ஒரு கட்டத்தில் ஸ்கோர் 12 ரன்னுக்கு 9 விக்கெட். கடைசி ஜோடி தட்டுத்தடுமாறிப் 13 ரன் சேர்த்ததால் மொத்தம் 25 ஆனது. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. குட்வின் 6 ரன் கொடுத்து 5 விக்கெட், ஓ'ரியோர்டன் 18 ரன்னுக்கு 4 விக்கெட். அயர்லாந்து 9 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

முந்தைய இரவு விருந்தாளிகளுக்குக் கின்னஸ் பியரை ஊற்றிக்கொடுத்து மயக்கிவிட்டார்கள் என்று ஒரு கதையை இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. சின்ன அணி ஜெயித்தால் அதற்கு வேறு காரணம் தேடுகிற பழக்கத்தின் ஆரம்பம் அதுதான். ஈரப் பிட்ச்சில் 25 ஓவருக்கு மேல் அளவு தவறாமல் போட்ட இரண்டு பேரின் உழைப்பை ஒரு கோப்பை பியருக்குள் மூழ்கடிப்பது அநியாயம்.

அந்த ஆட்டம் முடிந்து ஆறு வாரத்துக்குள் பக்கத்து நகரமான டெர்ரியில் கலவரம் வெடித்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் வடக்கு அயர்லாந்தில் ரத்தம் சிந்தியது. அத்தனை ஆண்டும் கிரிக்கெட்டில் வடக்கும் தெற்கும் ஒரே அணியாகத்தான் ஆடின. இன்றும் அப்படித்தான். பெல்ஃபாஸ்ட்காரர் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கலாம், டப்ளின்காரர் அயர்லாந்து குடியரசின் குடிமகனாக இருக்கலாம், சட்டை ஒன்றுதான். ஆட்டத்துக்கு முன் அந்த அணிக்காக எந்த நாட்டின் தேசிய கீதமும் ஒலிப்பதில்லை. இரு தரப்புக்கும் பொதுவாக எழுதப்பட்ட ஒரு பாட்டு ஒலிக்கிறது. அரசியல்வாதிகளால் முடியாத ஒன்றை ஓர் அணி சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

கிரிக்கெட் அங்கே இறக்குமதிச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். டப்ளினின் ஃபீனிக்ஸ் பார்க்கில் 1792-லேயே ஆட்டம் நடந்ததற்குப் பதிவு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் அணிகள் இருந்தன. சுயாட்சிக்காகப் போராடிய பார்னெல்லே விக்லோ அணியின் கேப்டனாக இருந்தவர். பிறகு தேசிய எழுச்சியில் இது ஆண்டைகளின் ஆட்டம், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆட்டம் என்றாகிவிட்டது. அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளை வளர்த்த கேலிக் தடகளச் சங்கம், கிரிக்கெட் போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடினாலும் சரி, வேடிக்கை பார்த்தாலும் சரி, உறுப்பினரை நீக்கியது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. இன்னொரு தகவலையும் விட மனமில்லை: சயான் மில்ஸ் வெற்றி கிடைத்த அதே 1969-ல் இலக்கிய நோபல் பெற்ற சாமுவேல் பெக்கெட், டப்ளின் பல்கலைக்கழகத்துக்காக முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர். வேறெந்த இலக்கிய நோபல்காரருக்கும் அந்தப் பெருமை இல்லை.

தடை போன பிறகு வந்தது வேறு துன்பம். நல்ல ஆட்டக்காரன் உருவானால் இங்கிலாந்து அழைத்துக்கொள்ளும். 2006 ஜூனில் பெல்ஃபாஸ்டில் அயர்லாந்து தன் முதல் அதிகாரபூர்வ ஒருநாள் போட்டியை ஆடியது. எதிரணி இங்கிலாந்து. அன்று அயர்லாந்து சட்டையில் அறிமுகமானவர்களில் ஒருவர் டொமினிக் ஜாய்ஸ். இங்கிலாந்து சட்டையில் அறிமுகமானவர் அவருடைய உடன்பிறந்த சகோதரர் எட் ஜாய்ஸ். டெஸ்ட் ஆட ஆசைப்பட்டவருக்கு அன்றைக்கு வேறு வழி இல்லை. டப்ளினில் பிறந்த இயான் மோர்கன் அதே வழியில் போய், 2019-ல் இங்கிலாந்துக்கு உலகக்கோப்பையையே வென்று கொடுத்தார். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கதவைப் பூட்டி வைத்தவர்கள் ஐசிசி-யில் உட்கார்ந்திருந்தார்கள்.

2007 உலகக்கோப்பையில், புனித பேட்ரிக் தினத்தன்று, கிங்ஸ்டனில் பாகிஸ்தானை 132 ரன்னுக்குச் சுருட்டி ஜெயித்தார்கள். வேலைக்கு லீவு போட்டு வந்த வீரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். ஆனால் நம் ஊர் ரசிகர்கள் மறக்காதது 2011 மார்ச் 2, பெங்களூரு சின்னசாமி மைதானம்தான்.

இங்கிலாந்து 327 ரன். பதிலுக்கு ஆடிய அயர்லாந்தின் முதல் பந்திலேயே கேப்டன் போர்ட்டர்ஃபீல்ட் ஆண்டர்சனிடம் போல்டு. ஸ்கோர் 111 ஆனபோது ஐந்து விக்கெட் காலி. அப்போது களத்தில் நின்றவர் கெவின் ஓ'பிரையன். புற்றுநோய் நிதிக்காகத் தலைமுடியை இளஞ்சிவப்பாகச் சாயம் பூசியிருந்தார். அலெக்ஸ் கியூசாக் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, ஓ'பிரையன் வெளுத்து வாங்கினார். 50 பந்தில் சதம். மொத்தம் 63 பந்தில் 113. 13 ஃபோர், 6 சிக்ஸர். ஆறாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தது 162. கடைசி ஓவரின் முதல் பந்தில் ஜான் மூனி ஃபோர் அடிக்க, ஆட்டம் முடிந்தது. உலகக்கோப்பையின் அதிவேகச் சதம் என்ற அந்தச் சாதனை 2023 வரை நிலைத்து நின்றது.

2015 உலகக்கோப்பையில் வெஸ்ட் இண்டீஸையும் 300-க்கு மேல் துரத்தி வென்றார்கள். பரிசாக என்ன கிடைத்தது? 2019 உலகக்கோப்பையை 14 அணியிலிருந்து 10 அணியாகக் குறைத்தார்கள். மற்ற ஆட்டங்களெல்லாம் உலகக்கோப்பையை அகலமாக்கும்போது, கிரிக்கெட் தன் உலகத்தையே சுருக்கிக்கொண்டது. அயர்லாந்து வெளியே நின்றது.

2017-ல் ஒருவழியாக டெஸ்ட் அந்தஸ்து வந்தது. 2018 மே மாதம் டப்ளினை ஒட்டிய மாலஹைடில் முதல் டெஸ்ட். ஃபாலோ ஆன் வாங்கிய பிறகும் ஓ'பிரையன் சதமடித்துப் பாகிஸ்தானைத் திணறவைத்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பியிருந்த எட் ஜாய்ஸுக்கு அதுதான் முதல் டெஸ்ட், கடைசி டெஸ்ட்டும் அதுதான். அடுத்த ஆண்டு லார்ட்ஸில் டிம் மர்டா 13 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து மதிய உணவுக்கு முன்பே 85-க்கு ஆல் அவுட். அதே டெஸ்ட்டில் 182 ரன்னைத் துரத்தி அயர்லாந்து 38-க்குச் சுருண்டது. 1974-ல் அங்கே நாம் எடுத்த 42-ஐவிடக் குறைவு. இதைச் சுட்டிக்காட்டி, தகுதியில்லாத அணி என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952-ல் சேப்பாக்கத்தில் பெற்றபோது அது நமக்கு 25-வது டெஸ்ட். அயர்லாந்து எட்டாவது டெஸ்ட்டிலேயே வென்றுவிட்டது: 2024 மார்ச், அபுதாபி, எதிரணி ஆப்கானிஸ்தான். அடுத்த இரண்டு டெஸ்ட்டில் ஜிம்பாப்வேயையும் தோற்கடித்தது.

ஆனால் ஆடக் கிடைத்தால்தானே? 2019 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் அந்த அணி ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 2018 முதல் 2025 வரை சொந்த மண்ணில் நடந்தவை இரண்டே இரண்டு. காரணம் பணம். சர்வதேச ஆட்டத்துக்கேற்ற நிரந்தர ஸ்டேடியம் டப்ளினில் கிடையாது. மாலஹைடு ஒரு கிளப் மைதானம். பெரிய ஆட்டம் என்றால் தற்காலிக கேலரிகளை வாடகைக்கு எடுத்துக் கட்டி, முடிந்ததும் பிரிக்க வேண்டும். ஐந்து நாளுக்கு அதைச் செய்தால் டிக்கெட்டிலும் டிவியிலும் வருகிற காசு கட்டுப்படியாகாது. செலவைத் தாங்க முடியாமல் 2024-ல் ஆஸ்திரேலியாவின் வருகையையும், 2025-ல் ஆப்கானிஸ்தானின் வருகையையும் ரத்து செய்தார்கள். அரசு உதவியோடு டப்ளினின் ஆபட்ஸ்டவுனில் 4,000 இருக்கைகளுடன் ஒரு மைதானம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதுவரை இந்தத் தலைமுறை வீரர்கள் என்ன செய்வார்கள்?

2024 முதல் 2027 வரை ஐசிசி பிரித்துக்கொடுக்கும் பணத்தில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 38.5 சதவிகிதம். அயர்லாந்துக்குச் சுமார் 3 சதவிகிதம். டிவி வருமானத்தில் பெரும்பகுதி நம் நாட்டு ரசிகர்களிடமிருந்து வருகிறது என்பது உண்மைதான். அப்படியானால் அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. டெஸ்ட் நடத்தும் சிறிய வாரியங்களுக்கென்று ஒரு தனி நிதி வேண்டும். அதற்கு முதல் குரல் இந்திய வாரியத்திடமிருந்து வர வேண்டும். 2018, 2022, 2023 என மூன்று முறை மாலஹைடுக்குப் போய் டி20 ஆடிவிட்டு வந்த இந்திய அணி, அயர்லாந்துடன் இதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை.

(தொடரும்)