பள்ளிக்கூரையும் பத்தாயிரம் லிட்டரும்

பினாங்கில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆனால் குழாயில் வரும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்றுடையது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்ற நீரை நிறுத்தியபோது, அந்த ஒற்றை ஆற்றின் அருமை பல வீடுகளுக்குத் தெரிந்தது.

தலைக்குமேல் கொட்டும் மழையும் எவ்வளவு தண்ணீர் தரும் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பள்ளிக் கூரையே போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் கூரையில், ஒரு மாலையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர்! ஐந்தில் ஒரு பங்கு சிந்தினாலும், ஒரு தடவைக்கு ஆறு லிட்டர் என 1,300 தடவை கழிப்பறைக்கு ஊற்றலாம்.

முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும். அதைச் சேமிப்புத் தொட்டிக்குள் விடக் கூடாது. இதற்காகவே அடி மூடிய ஒரு செங்குத்துக் குழாய் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். அழுக்குத் தண்ணீர் முதலில் அதில் நிறையும். உள்ளே கிடக்கும் பந்து மிதந்து மேலேறி வாயை அடைக்கும். பிறகு வருவது தொட்டிக்குப் போகும். அடியிலுள்ள சிறு துளை வழியாகக் குழாய் மெல்லக் காலியாகி, அடுத்த மழைக்குத் தயாராகும். தொட்டியின் வாய்க்கு நுண்வலை கட்டாயம். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசுதான் குடியேறும்.

கைகழுவிய, குளித்த நீரையும் வீணாக்க வேண்டியதில்லை. இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் தார், ஜாபுவா மாவட்டங்களில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஆசிரமப் பள்ளிகளில், குளித்த தண்ணீரைச் சல்லி, மணல் அடுக்குகளில் வடித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்தினார்கள். நாக்பூரின் நீரி (NEERI) சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, 2007இல் அதற்கொரு கையேடே வெளியிட்டன.

மழைக்குழாயையும் வடிகட்டியையும் கட்டடத்தின் பின்புறம் ஒளித்துவைத்தால் தண்ணீர் மிச்சமாகும், பாடம் நடக்காது. அவற்றை வகுப்புக்குப் போகும் வழியில் வைக்க வேண்டும், பந்து மேலேறுவது தெரியும்படி மழைக்குழாய் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும் என்பேன். வடிகட்டியின் மேல்மணலைக் கழுவும் வேலையைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம், ஆசிரியர் மேற்பார்வையில், கையுறையோடு விடலாம்.

கேண்டீனில் தட்டு கழுவும் தண்ணீரை மட்டும் வடிகட்டியில் சேர்க்காதீர்கள். எண்ணெய் மணலை அடைத்துவிடும். சோப்புத் தண்ணீரையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமெடுக்கும். வடித்ததை அன்றன்றே ஊற்றித் தீர்த்துவிட வேண்டும்.