உங்களுக்குத் தெரியுமா? எண்களே பெயரான ஊர்கள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் அமைந்த எழுவான்கரை (கிழக்குக் கரை) ஊர் தேற்றாத்தீவு. இக்கரையாரின் பெருவயல்களோ வாவிக்கு அப்பால், மேற்கே படுவான்கரையில். விதைப்புக்கு வாவி கடந்து போய், வாடி போட்டுத் தங்கி, சூடடித்து நெல்லோடு திரும்புவது பழைய வழக்கம்.

குடும்பத்தோடு பெயர்ந்து காட்டோரம் குடியேறும் வாழ்க்கையைக் கொண்டுவந்தது 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டம். அதில் உருவான, படுவான்கரையின் போரதீவுப்பற்றிலுள்ள 37, 39, 40ஆம் கிராமங்கள் இன்றும் எண்ணாலேயே அழைக்கப்படுகின்றன. யானைக்குக் காவலிருந்து பயிர் காத்தவர்களின் ஊர்கள் அவை; அந்த உழைப்புக்கு ஓர் எண் போதாது.

  குடியேறியவர்களுக்குக் கிடைத்தது சில ஏக்கர், அதுவும் அனுமதிப்பத்திரத்தில்.

இன்னொரு சிக்கல் பலர் அறியாதது. மட்டக்களப்பில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். 1935இன் காணி அபிவிருத்திச் சட்டமோ, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத காணிக்கு மகனையே முன்னிறுத்தியது. ஊர்வழக்கத்தில் மகளுக்குச் சேரவேண்டிய குடியேற்றக் காணி, சட்டப்படி அண்ணன் தம்பிக்குப் போக நேர்ந்தது. இந்த அநீதி திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.