எச்.ஐ.வி. தொற்றும் நுரையீரல் தமனி உயர் அழுத்தமும்

இதயத்தின் வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகளில், ஓய்வு நிலையில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவைக் கடப்பது நுரையீரல் உயர் அழுத்தம் எனப்படும். தமனிச் சுவரே நோயுறுவதால் இந்நிலையைத் தோற்றுவிக்கும் வைரசுத் தொற்றுகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது எச்.ஐ.வி. ஆகும். இத்தொற்றுடையோருள் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது.

நோயுற்ற தமனியின் உட்சுவர்ச் செல்களில் இவ்வைரசு பொதுவாகக் கண்டறியப்படவில்லை. எனவே, பாதிப்பு மறைமுகமாக நிகழ்வதாகக் கொள்ளப்படுகிறது. தொற்றுற்ற நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் ஜிபி120, டாட், நெஃப் ஆகிய வைரசுப் புரதங்களும் நீடித்த அழற்சியும் உட்சுவர்ச் செல்களுக்கு ஊறு விளைவிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் குழலை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சுருக்கும் எண்டோதீலின்-1 மிகுகிறது. சுவரின் தசைச் செல்கள் பெருகிக் குழல் குறுகுகிறது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து இயங்கும் வலக் கீழறை நாளடைவில் செயலிழக்கிறது.

வைரசு எதிர்ப்பு மருந்துகள் வைரசின் பெருக்கத்தை அடக்கினாலும் இந்நோயை முற்றிலும் தடுப்பதில்லை. குருதியில் வைரசு கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமும் இது தோன்றுகிறது. ஆகவே, இத்தொற்றுடையவருக்குக் காரணம் புலப்படாத மூச்சுத்திணறல் இருப்பின், எக்கோ எனப்படும் மீயொலி இதய ஆய்வும், அதில் ஐயம் எழின் வலப்பக்க இதய வடிகுழாய்ச் சோதனையும் இன்றியமையாதன.